இடது கை வரிசை

டீச்சர், என் படிப்பை நிறுத்தியது நீங்கள்தான். என் வாப்பா இல்லை, எங்கள் வறுமையும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளி, ஏழாம் வகுப்பு. நீங்கள் மாட்டுங்காவிலிருந்து வருவீர்கள். வந்ததும் தோல் கிடங்கு நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வீர்கள். கேள்வியையும் பதிலையும் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வீர்கள். ஏன் என்று கேட்டால் ஸ்கேலால் முட்டியில் அடி.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் வகுப்பை இரண்டாகப் பிரித்தீர்கள். அதிகாரி எது கேட்டாலும் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நீங்கள் வலது கைகளை மட்டும் எழுப்புவீர்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதையும் நீங்களே முடிவு செய்தீர்கள். தோல் கிடங்குக்காரர்களின் பிள்ளைகள் எல்லோரும் இடது. நானும்.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். உப்பு போட்டால் பண்டம் ஏன் கெடுவதில்லை என்று கேட்டார். வலது வரிசைக்காரி ஒருத்தி எழுந்து, "கிருமிகள் இறந்துவிடும்" என்று ஒப்பித்தாள்.

"எப்படிம்மா இறக்கும்?"

அது பலகையில் இல்லை. வலது கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பச்சைத் தோலுக்கு உப்புத் தடவுவதுதான் என் வாப்பாவின் வேலை. நான் இடது கையை இறக்கி வலது கையைத் தூக்கினேன். வேண்டாம் என்று நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அதற்குள் அதிகாரி என்னைக் கைகாட்டிவிட்டார்.

"உப்பு தண்ணிய உறிஞ்சிரும் சார். எங்க கிடங்குல தோலுக்கு உப்பு போட்டா தரையெல்லாம் தண்ணி ஓடும். ஈரம் போயிட்டா புழு புடிக்காது."

"சபாஷ். இவ்வளவு தெரிஞ்சவ முதல்ல ஏன் இடது கையைத் தூக்கின?"

பாராட்டியவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்துவிட்டேன். "தெரியாதவங்க இடது கை தூக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அவர் சிரித்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். நீங்கள் வரவழைத்த சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.

மணி அடிக்கும்வரை வகுப்பு முழுவதையும் இடது கையைத் தூக்கி நிற்க வைத்தீர்கள். "எல்லாரும் இவளுக்கு தேங்க்ஸ் சொல்லுங்கோ" என்றீர்கள். வாசலில் பிள்ளைகள் என் பின்னலைப் பிடித்து இழுத்து, "ஏ நமக்வாலி, அப் போல் நா" என்றார்கள்; உப்புக்காரி, இப்போது பேசேன் என்று இந்தியில் கேலி. முதலில் இழுத்தது இடது வரிசைக்காரிதான்.

அந்தப் பள்ளியில் ஏழாவதோடு சரி. பாஸானால் வேறு பள்ளியில் எட்டாவது சேர்ப்பதாக வாப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் அவரைக் கூப்பிட்டீர்கள்.

"இவளுக்கு வாய் ஜாஸ்தி. மத்த குழந்தைகளையும் கெடுக்கறா. தோலைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காளே, அது போறும்."

உப்பில் வெடித்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாப்பா நின்றார். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு என்னிடம், "வா புள்ள, பைய எடு."

அடுத்த வாரம் பர்ஸ் பட்டறையில் பசை தடவ உட்கார்ந்தேன்.

இப்போது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மண்டபத்தில் உங்களுக்குப் பாராட்டு விழாவாம். சுவரில் நோட்டீஸ் பார்த்தேன். பிள்ளைகளைச் சிந்திக்கத் தூண்டியவர் என்று உங்கள் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள்.

நான் வருவேன். முன் வரிசையில் உட்கார்ந்து வலது கையைத் தூக்குவேன். மண்டபம் முழுவதும் கேட்கும்படி மைக்கில் பதில் சொல்லுங்கள், டீச்சர். எனக்குத் தெரியாது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?