கொச்சியில் ஒரு சின்னக் கல்

நான் ஆறாவது படித்த வருஷம் சித்தியைக் கொச்சிக்குக் கூட்டிப் போனோம். அவருக்குப் பிறந்த குழந்தை பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அதற்கப்புறம் சித்தி யாரோடும் பேசவில்லை. கடலையும் கப்பலையும் பார்த்தால் மனசு மாறும் என்று சித்தப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து அப்பாதான் கார் ஓட்டினார்.

சித்தியைப் பேச வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். போர்ச்சுகீசியரை டச்சுக்காரர் விரட்டியது, டச்சுக்காரரை ஆங்கிலேயர் விரட்டியது என்று படித்ததையெல்லாம் வழிநெடுகக் கொட்டினேன்.

“அத்தனை பேரு அடிச்சுக்கிட்ட கோட்டை எங்க அம்மணி?” என்றார் அப்பா.

கோட்டையை இடித்து வெகுகாலமாயிற்று. எனக்குத்தான் மானம் போனது. அதற்குப் பதிலாக ஒரு பழைய தேவாலயத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் மாதிரியே பயபக்தியாக வலம் வந்தோம். சுவரோரம் எழுத்துச் செதுக்கிய கற்கள் வரிசையாக நின்றன. கல்வெட்டா என்று சித்தப்பா கேட்டார். அத்தனையும் கல்லறைக் கல் என்று பெருமையாகச் சொன்னேன்.

“அட, சுடுகாட்டுலயா எங்களைச் சுத்த வெச்சே?” சித்தப்பா வாசலுக்குப் பாய்ந்தார். “வாங்க வாங்க, தலைக்குத் தண்ணி ஊத்தாம ஆரும் வண்டி ஏறக் கூடாது!”

சித்தி மட்டும் நகரவில்லை. ஒரு சின்னக் கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“இது ஆரு அம்மணி?”

பேசிவிட்டார்! கல்லிலிருந்த இங்கிலீஷை அவசரமாகப் படித்துச் சொன்னேன். “ஆரோ ஒரு சிப்பாயோட கைக்கொழந்தைங் சித்தி. பேரு போடலீங்.”

“பேரு வெக்காததுக்குமா கல்லு நட்டிருக்காங்க?”

சித்தப்பா மறுபடி கூப்பிட வந்தார். சித்தி திரும்பாமலே கேட்டார்: “ஏனுங்க, நம்ம புள்ளைய எங்கீங்க பொதைச்சீங்க?”

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். “அதெல்லாம் இப்ப எதுக்கு? எந்திரி, கப்பல் பாக்கப் போலாம்.”

பிஞ்சுக் குழந்தை போனால் எங்கள் வீடுகளில் ஆண்கள் மட்டும் எடுத்துப் போய்ப் புதைப்பார்கள். குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள். எந்த இடம் என்று பெற்றவளிடம் சொல்வதில்லை. அது எனக்கு அன்று தெரியாது. சித்தி எழுந்திருக்காததும் கண்ணில் படவில்லை. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கி, வெளியே ஓடி, வீட்டிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்:

“அம்மா, சித்தி பேசீட்டாங்க!”