உத்தரவு போட அலுத்தவள்

எங்கள் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். பெருமையடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவனே என் புருஷன்தான். பெண் பார்க்க வந்த அன்று மொட்டை மாடியில் தனியாகப் பேச விட்டார்கள். "நான் கொஞ்சம் அதிகாரம் பண்ற ஆளு. உங்களுக்கு ஒத்து வருமா?" என்று மிரட்டிப் பார்த்தேன். "எனக்கு அதாங்க ஆசையே. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றான். நிச்சயத்துக்குப் பிறகு இன்னொரு தடவையும் கேட்டேன், அதையேதான் சொன்னான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் நிஜமாகவே பிடித்துப்போனது.

பென்னலூரில் வாடகை வீடு. அவன் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு எனக்கு முன்னால் வந்துவிடுவான். ஒரகடம் ஃபேக்டரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நான் வந்து நாற்காலியில் சாய்ந்ததும், தரையில் உட்கார்ந்து என் சேஃப்டி ஷூவைக் கழற்றி, வெந்நீரில் காலைக் கழுவித் துடைத்து விடுவான். "கொழம்பு இன்னா வைக்கட்டுங்க? நாளைக்கு எந்த சட்டை போடட்டுங்க?" எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பான். என்னைத் தெருவில் "நீ" என்பான், கதவைச் சாத்தினால் "நீங்க". உப்புக் கரித்தால் திட்டுவேன். அதை வாங்கிக்கொள்ளும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். என்னை யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை. கூச்சமாக இருந்தது, வேண்டியும் இருந்தது.

பிறகு என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஷிஃப்ட் முழுக்க அதட்டல்தான். இதை மாற்று, அதை நிறுத்து, பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆனது. வீடு வந்து சேரும்போது வாயில் ஒரு வார்த்தை மிச்சமிருக்காது.

"இன்னா வைக்கட்டுங்க?"

"எதையாவது வை."

"ஞாயித்துக்கெழம அம்மா வூட்டுக்குப் போவட்டுங்களா?"

"உன் இஷ்டம்."

ஷூவை வாசலிலேயே உதறிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். பாவம், அவனுக்கு வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு மடத்தனம்! என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகத்தான் அவன் நாள் முழுக்கக் காத்திருக்கிறான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கொஞ்ச நாள் என் முன்னால் வந்து சும்மா நின்றுவிட்டு டிவி பக்கம் போனான். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டான். "நீங்க" எப்போது "நீ" ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. மாமியாருக்குத்தான் பரம சந்தோஷம். "இப்பத்தான் என் புள்ள ஆம்பளயா கீறான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஓசூருக்கு மாற்றல் கேட்டிருந்ததாகவும் அது கிடைத்துவிட்டதாகவும் சொன்னான். அங்கேயே ரூம் எடுத்துக்கொள்வானாம், முடிந்தபோது வந்து போவானாம். தட்டைத் தள்ளி வைத்தேன். பழைய குரலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு, "நீ போகக் கூடாது. நான் சொல்றேன்" என்றேன்.

பிசைந்த கை நின்றது. அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். சரிங்க என்று சொல்லிவிடுவான் என்றே நம்பினேன்.

"இத கேக்கத்தான் எவ்ளோ நாளு காத்துக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றான். எழுந்து போய்க் கை கழுவினான். அடுத்த திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.