மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் டீ குடிக்கப் போனவர்

நாளிதழில் செய்தி திருத்தி ஓய்வு பெற்ற எனக்கு, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகர் வேலை; டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்லாததை டாக்டருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வராந்தாக்களில் காத்திருந்து முதுகு வலித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல.

அப்பாவுக்குச் சளி

செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டும் ஏழுமலைக்கு நுரையீரலில் புற்று, எலும்புக்கும் பரவிவிட்டது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் மகன் சேகர், கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டுபவர், அப்பாவை டீ குடிக்க அனுப்பினார். இங்கே எல்லாக் குடும்பமும் அப்படித்தான். டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினால் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கலாம். வாந்தி வரும், நாக்கில் ருசி போகும். வேண்டாமென்றால் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மட்டும் வைத்தியம். அப்பாவுக்கு எது விருப்பம் என்று கேட்டேன்.

"அவருக்கு இன்னா சார் தெரியும்? சளின்னு சொல்லி வச்சிருக்கோம். ஏத்துங்க. ஒண்ணுமே பண்ணாம வுட்டுட்டான்னு நாளைக்கு ஊரே பேசும்."

டாக்டரின் விருப்பம்

சேகர் வெளியே போனார். டாக்டரம்மாவுக்கும் மருந்து ஏற்றத்தான் விருப்பம். உடம்பு தாங்கும், முயன்று பார்க்கலாம் என்றார். உங்கள் அப்பாவாக இருந்தால் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க சார். என்கிட்ட கேட்ட இந்தக் கேள்வியை மட்டும் சேகருக்குச் சொல்லிக் கொடுத்துடாதீங்க."

டீக்கடையில்

ஏழுமலை பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சளியிலிருந்து ஆரம்பித்தேன். "உங்க வாசல்ல புற்றுநோய்ப் பிரிவுன்னு பெருசா எழுதிக் கீது. எனக்குப் படிக்கத் தெரியும் சார்" என்றார். இரண்டு வழியையும் சொன்னேன். "ருசியே போய்ட்டா அப்பால இன்னாத்துக்கு? வலி இல்லாம வூட்ல கெடந்தா போதும்" என்றார். டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

அப்போது சேகர் எங்களைத் தேடி வந்தார். முகம் கழுவியிருந்தார், கண் சிவப்பு மட்டும் போகவில்லை. ஏழுமலை மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"மொத ரெண்டு தபா அவனுக்காக ஏத்துங்க சார். அப்பால எனக்கு இன்னா வேணும்னு வந்து கேளுங்க."

நுரையீரல் ஒருவருடையது, ஊசி குத்துவதும் அவருக்குத்தான். விருப்பம் மட்டும் எப்படியோ பக்கத்தில் நிற்பவருடையதாகிவிடுகிறது.