மதாம் வீட்டு வெறுஞ்சுவர்

ஒன்பது வயதிலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. டொக்டரிடம், தபால் கந்தோரில், பள்ளிக்கூடத்தில் என்று, நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய லா ஷப்பலில் அம்மா போகிற இடமெல்லாம் நானும் போக வேண்டும். அதில் ஒரு வசதியும் இருந்தது. வகுப்பில் இவள் வாய் மூடுவதே இல்லை என்று ரீச்சர் பிரெஞ்சில் சொன்னால், “வகுப்பிலை நல்லாய்க் கதைக்கிறனாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அம்மா ரீச்சரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரிப்பார். ரீச்சர் முழிப்பார்.

அப்பா எங்களோடு இல்லை. ஊரில் ஆமி அவரை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போயிருந்தது. விசாரித்து முடிந்ததும் வந்துவிடுவார் என்று அம்மா சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதரை விசாரிப்பார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அம்மா பின்னேரங்களில் கந்தோர் துப்புரவு வேலைக்குப் போவார். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஏழு மணிவரை நான் மேல்வீட்டு மதாமோடு இருப்பேன். அவர் யப்பான்காரி. எழுபது வயது தாண்டியவர். பிரெஞ்சுக்காரக் கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசினால் அதிகம். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இருவரும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கீழே எங்கள் வீட்டில் தனியாக இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆறு மணிக்கு மதாம் எழுந்துபோய் ஒரு வெறுஞ்சுவரின் முன்னால் கைகூப்பி உட்காருவார். அந்த வீட்டில் எந்தச் சுவரிலும் ஒரு ஆணிகூடக் கிடையாது. பாவம், சாமிப்படம் வாங்க வழியில்லை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த பிள்ளையார் கலண்டர் இரண்டு இருந்தன. மதாமும் பிள்ளையாரைக் கும்பிட்டால், இரண்டு வீட்டு வேண்டுதலுக்கும் சேர்த்து அப்பா சீக்கிரம் வந்துவிடுவார் என்பது என் யோசனை. ஒரு நாள் அவர் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம், கதிரையில் ஏறி, பள்ளிக்கூடப் பசையால் பிள்ளையாரைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

மதாம் வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. கீழே போ என்றார், அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. அம்மா வரும்வரை படிக்கட்டில் இருந்து அழுதேன். இனி எல்லாப் பின்னேரமும் தனியேதான் என்று நினைத்தேன்.

“ஆரைக் கேட்டு ஒட்டினனி? வா, மன்னிப்புக் கேள்” என்று அம்மா என்னை மேலே இழுத்துப் போனார்.

மதாம் கோபிக்கவில்லை. எங்களை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். பிறகு ஒரு வருடத்துக்கான பேச்சை ஒரேயடியாகப் பேசினார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். யப்பானில் யுத்த காலம். அரசாங்கத்தின் பெரிய கோயில் தாயத்துக் கடதாசியை வீட்டுக்கு வீடு வைத்துக் கும்பிட வேண்டும் என்று உத்தரவு. மதாமின் அப்பா, அப்போதுதான் தொடங்கிய ஒரு சின்ன மதத்தில் சேர்ந்திருந்தார். எங்களுக்கு எங்கள் பிரார்த்தனை போதும், கடதாசி வேண்டாம் என்றுவிட்டார். பொலிஸ் வந்தது. அந்த மதத்தவர்கள் கூடும் மண்டபத்தை இடித்தது. அப்பாவைக் கொண்டுபோனது.

நான் தமிழில் சொல்லுமுன்பே அம்மா “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். எப்போதும் அம்மாவுக்கு அவசரம்தான்.

கடதாசியை ஒட்டினால் அப்பாவை விடுவார்கள் என்று அயலவர்கள் சொன்னார்களாம். ஏழு வயது மதாம், முக்காலியில் ஏறி, சோற்றுப் பசையால் ஒட்டினாராம். அடுத்த வசனம் மெதுவாக வந்தது: “அந்த மாரிக் குளிரில் அப்பா சிறையிலேயே இறந்துவிட்டார். நான் ஒட்டியதை யாராவது அவரிடம் சொன்னார்களோ தெரியாது.”

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

“பிள்ளை, பிறகு என்னவாம்?”

“பிறகு விட்டிட்டாங்களாம். அவவின்ரை அப்பா வீட்டை வந்திட்டாராம்.”

அம்மா என்னையே பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு, “நல்லது” என்று சிரித்தார். மதாமின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். கன்னத்தால் கண்ணீர் ஓடியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று எனக்குப் பெருமை. என்ன சொன்னாய் என்று மதாம் என்னிடம் கேட்டார். அம்மாவிடம் மாற்றிச் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தார். “சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்” என்றார் மதாம்.

அடுத்த நாள் கதவு திறந்தது. பிள்ளையாரைக் கிழியாமல் எடுத்துச் சுருட்டி, நூலால் கட்டி என்னிடம் தந்தார். சுவரில் பசையின் தடம் மட்டும் இருந்தது.

போன வருடம் அம்மாவின் பழைய அகதி விண்ணப்பக் கோப்பை ஒழுங்குபடுத்தினேன். எனக்குப் பிரெஞ்சு வருமுன் நடந்த விசாரணையின் பதிவு அதில் இருந்தது. உங்கள் கணவர் இறந்துவிட்டாரா என்று அதிகாரி மூன்று தரம் கேட்டிருக்கிறார். மூன்றாம் தரம், உரைபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன், அம்மாவே பிரெஞ்சில் “இறந்துவிட்டார்” என்று பதில் சொன்னதாகக் குறிப்பு. இறந்துவிட்டார் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை அம்மா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மதாம் வீட்டு மேசையில், அப்பா வந்துவிடுவார் என்ற கதையை நம்பிக்கொண்டு இருந்தது நான் ஒருத்திதான்.