ஒருதரம் கூப்பிட்டால்

போர் நடந்த அந்த நாட்களில் வன்னியில், மல்லாவியில் ஒவ்வொரு கிழமையும் நிவாரண நிறுவனங்களின் கூட்டம் நடக்கும். தண்ணீருக்கு ஒரு நிறுவனம், உலர் உணவுக்கு இன்னொன்று, மருந்துக்கு வேறொன்று. யார் எந்த ஊருக்குப் போவது என்று பங்கு பிரிக்கத்தான் கூடுவார்கள். ஆனால் டீசல் கிடைக்காத காலம் என்பதால், எந்த ஊரை விட்டுவிடுவது என்பதில்தான் கூட்டம் வந்து முடியும். நான் தண்ணீர் கொடுக்கும் நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்வதை மாற்றிச் சொல்லும்போது என் பங்குக்கும் ஒன்றிரண்டு சூடான சொற்களைச் சேர்த்துவிடுவேன்.

அந்த ஆடி மாதம் கூட்டத்துக்குத் தலையிடியாக இருந்தது நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரத்தில் இருந்த ஒரு குடியேற்றம். இனக்கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய ஊர். ஷெல் விழத் தொடங்கியதும் சனம் முழுக்க இடம்பெயர்ந்துவிட்டது. உணவு கொண்டுபோனவர்கள் வாங்க ஆளில்லை என்று மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மருந்துக்காரரும் அதையே சொன்னார்கள். பழைய ஒழுங்கின்படி தண்ணீர் ஏற்றும் எங்கள் பவுசர் மட்டும் போய்வந்தது. போகும்போதெல்லாம், நாங்கள் வைத்த தாங்கியில் தண்ணீர் குறைந்திருந்தது.

தாங்கியில் ஓட்டை இல்லை. யானை என்றால் அதை உடைத்திருக்கும். குரங்கு குழாயைத் திறக்கும், ஆனால் திரும்ப இறுக்கிப் பூட்டாது. அங்கே பேய்தான் குளிக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் பகிடி விட்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கதிரைகள் ஆட எல்லோரும் சிரித்தார்கள். தலைமை தாங்கிய வெள்ளைக்காரரும் சிரித்துவிட்டு, அடுத்த தடவையோடு அந்த ஊருக்குத் தண்ணீரை நிறுத்துவோம் என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அந்த ஊரின் கிணற்றில் மாடு விழுந்து செத்துக் கிடந்தது. உண்மையில் யாராவது அங்கே இருந்தால் அந்தத் தாங்கியை விட்டால் வேறு வழியில்லை.

கடைசித் தடவை பவுசரில் நானும் ஏறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. ஒரு வீட்டுக்கும் கதவில்லை, பாதிக்குக் கூரையும் இல்லை. ஆனால் எல்லா முற்றங்களும் கூட்டப்பட்டிருந்தன. விளக்குமாற்றின் கோடுகள் மணலில் பளிச்சென்று தெரிந்தன. அவற்றின் மேல் ஒரு காலடிகூட இல்லை. எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

அங்கே போகும் வாகனங்களுக்கு ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. எஞ்சினை நிறுத்தக் கூடாது, ஒலிபெருக்கியில் ஒருதரம் அறிவிக்க வேண்டும், வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும். எல்லா நிறுவனங்களும் கூடி எடுத்த முடிவு. சாரதியும் அப்படியே, ஆராவது இருந்தால் வெளியில் வாங்கோ என்று ஒருதரம் அறிவித்தான். ஒருவரும் வரவில்லை. தாங்கியை நிரப்பி முடித்ததும் அவன் அவசரப்பட்டான்.

"ஒருத்தரும் இல்லை அக்கா. வெளிக்கிடுவம்."

ஏறுவதற்குக் காலை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்படியான இடத்தில் ஒருதரம் கூப்பிட்டால் நானே வாய் திறக்க மாட்டேன். பேய் ஒருதரந்தான் கூப்பிடும், மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் மனிதர் என்று கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். உச்சிப்பொழுதில், காட்டோரத்தில், ஆள் முகம் காட்டாமல் வருகிற குரலுக்கு எந்த மடையன் பதில் சொல்வான்? இத்தனை நிறுவனங்களும் ஒருதரம் கூப்பிட்டுவிட்டு, ஆளில்லை என்று வந்து கூட்டத்தில் அடித்துச் சொல்லியிருக்கின்றன. கோபம்தான் முதலில் வந்தது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். முற்றத்தில் நின்று என் வாயாலேயே கூப்பிட்டேன். இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் கூப்பிட்டு வாய் மூடுவதற்குள், "வாறேன்" என்று ஒரு குரல் கேட்டது. அது எனக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. இவ்வளவு நேரமும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருக்கிறார்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண். ஊர் வெளிக்கிட்ட அன்று மகன் மாடு தேடிக் காட்டுக்குள் போனானாம். அவன் வந்து தேடுவான் என்று அவர் மட்டும் நின்றுவிட்டார். முற்றங்களைப் பின்னுக்கு நடந்தபடி கூட்டுவதும் அவர்தான். வருகிறவனுடைய காலடி மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக.

"ராவுல வந்து கூப்பிடுறான் புள்ள. எம் மகன் கொரலேதான். ஆனா ஒரு தடவதான் கூப்பிடுறான். காலையில பாத்தா காலடி இல்ல."

சாரதி வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். எனக்கும் ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. இனித் தண்ணீர் வராது, எங்களோடு வாருங்கள் என்று சொன்னேன். வரமாட்டேன் என்றார். இங்கே நின்றால் தண்ணீரில்லாமல் சாகத்தான் போகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாகனத்தின் ஒலிபெருக்கியைக் காட்டி, அது காட்டுக்குள்ளே கேட்குமா என்றார். தூரத்துக்குக் கேட்கும் என்றேன்.

"அப்ப அவன்கிட்ட சொல்லிருங்க. அம்மா மல்லாவிக்குப் போறேன்னு. மூணு தடவ சொல்லுங்க. இல்லாட்டி நம்ப மாட்டான்."

அவர் சொன்ன பெயரைச் சொல்லி நான் காட்டைப் பார்த்து அறிவித்தேன். உன் அம்மா மல்லாவிக்குப் போறா, நீ அங்கே வா. மறுபடி சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னேன். சொல்லி முடித்தும் அவர் வாகனத்தில் ஏறவில்லை. முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பி, ஒரு பதில் வந்துவிடாதா என்று காத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில், பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் நின்றேன்.