பூஜைக்கு வைத்த போன்கள்

எங்கள் ஆபீசில் தரையில் கிடக்கிற பேனாவை எடுத்து வைக்க ஆள் கிடையாது. ஆனால் சார்ஜ் இல்லாத போன் ஒன்று கண்ணில் பட்டால் போதும், ஆளாளுக்கு ஓடிவந்து ஒயரைச் சொருகிவிடுவார்கள். இந்த நல்ல மனசால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கல்லூரிகள் தரும் சான்றிதழ்களை பிளாக்செயினில் ஏற்றி, அசலா போலியா என்று போனிலேயே பார்த்துச் சொல்லும் ஆப் ஒன்றைச் செய்கிறோம். என் வேலை டெஸ்டிங். அதாவது மற்றவர்கள் கட்டியதைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்லி, கெட்ட பெயர் வாங்கிக்கொள்வது.

பிளாக்செயின் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பதிவுக் கட்டுகள். நடுவில் ஒன்றை உருவவோ மாற்றவோ முடியாது. முழுச் சங்கிலியையும் வைத்துக்கொள்ள ஒரு போனில் இடம் போதாது. அதனால் போனில் இருப்பது ‘லைட் கிளையன்ட்’ என்கிற மெலிந்த ஆப். அது சர்வரிடம் கேட்டு, ஒவ்வொரு கட்டின் எண்ணிட்ட தலைப்பை மட்டும் வரிசையாக வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளும். நாலு நாள் சீரியல் பார்க்காதவள் பக்கத்து வீட்டில் கதை கேட்டுக்கொள்கிற மாதிரிதான். கடைசித் தலைப்பு வரை வந்து சேர்ந்துவிட்டால் திரையில் ஒரு பச்சை டிக் விழும். சர்வரும் போனும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று அதற்கு அர்த்தம்.

என் சந்தேகம் சின்னது. நாலைந்து நாள் அணைந்து கிடந்த போன் திரும்ப எழுந்தால், விட்டுப்போன அத்தனை தலைப்புகளையும் வாங்கிவிட்டுத்தான் டிக் போடுகிறதா, இல்லை பாதியிலேயே போட்டுவிடுகிறதா? இதைப் பார்க்க ஒரு போனை நாலு நாள் சும்மா அணைத்து வைத்தால் போதும். அதுதான் நடக்கவில்லை. டிராயரில் வைத்தேன். ஸ்டேப்ளர் தேடி வந்த யாரோ எடுத்து சார்ஜில் போட்டு, ஆனும் பண்ணிவிட்டார். ‘தொடாதீர்கள்’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஹவுஸ்கீப்பிங் அக்கா அதைக் கழற்றி, போனைத் துடைத்து, சார்ஜில் போட்டு, கழற்றியதைத் திரும்ப ஒட்டியும் வைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் டெஸ்ட் போன் வாசலைத் தாண்டக் கூடாதாம். நாலு நாள் விட்டுப்போன மாதிரி நடிக்கும் பொய் சர்வர் ஒன்றை ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் கேட்டேன். அதற்கும் நேரமில்லை என்றார்கள்.

“அக்கா, இந்தக் காலத்துல எவன் போனை நாலு நாள் ஆஃப் பண்ணி வைப்பான்? ரியல் லைஃப்ல நடக்காத கேஸ் இது” என்று சிரித்தான் ஆப்பை எழுதுகிற டெவலப்பர் தம்பி.

“லோ பிரையாரிட்டின்னு போட்டுடுங்க மேடம்” என்றார் மேனேஜர்.

எனக்கு அது லோ பிரையாரிட்டி இல்லை. காரணம், என் தங்கை. அவள் நர்ஸ். ஊரப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு, வேலைக்கு ஊரின் மறுகோடியில் வியாசர்பாடி தாண்டிப் போய்வருகிறாள். யூ.கே.ஜி. படிக்கிற மகள் கண் விழிக்கும்போது அம்மா ட்ரெய்னில் இருப்பாள்; அம்மா திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அவள் வீட்டுக்குக் கிட்டத்தில், குரோம்பேட்டையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இடம் காலியாகி, பூஜை விடுமுறை முடிந்த காலையில் இன்டர்வியூ என்று அவளுக்கு அழைப்பு வந்தது. எங்கள் ஆப்பை முதலில் வைத்துப் பார்ப்பதும் அதே ஆஸ்பத்திரிதான். காகிதம் வேண்டாம், ஆப்பில் இருந்தால் போதும் என்பது அவர்களுடைய புது விதி.

ஆயுத பூஜைக்கு முன்தினம் ஆபீசில் பூஜை போட்டோம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். சாமிக்குப் படைக்காத பொரியும் கடலையும் எனக்கு எப்போதும் தனிப் பொட்டலமாக வந்துவிடும். அன்று மத்தியானம் மேனேஜரே எல்லா டெஸ்ட் போன்களையும் அணைத்து, வாழை இலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். ஒன்றுக்கு கேமராவிலேயே இட்டுவிட்டார். “லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்றார். நான் சீட்டு ஒட்டிச் சொன்னபோது கேட்காத கூட்டம், குங்குமத்தைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஆயுத பூஜை, விஜயதசமி, அதோடு சனி, ஞாயிறு. போன்கள் இலையில் உறங்கின. சர்வருக்கு மட்டும் பூஜையும் கிடையாது, லீவும் கிடையாது. அது பாட்டுக்குக் கட்டுகளைக் கோத்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் போன்களைத் துடைத்து ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தேன். ஆப்பைத் திறந்த கையோடு பச்சை டிக், எல்லாவற்றிலும். ஆனால் சர்வர் நிற்கும் எண் எங்கேயோ, போன்கள் நிற்கும் எண் எங்கேயோ. முதல் தவணைத் தலைப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று அவை சாதித்தன. மூடித் திறந்தால் இன்னொரு தவணை வரும், மறுபடி பச்சை விழும். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள். “அக்கா, என் சர்டிபிகேட் இல்லைன்னு வருதாம். காலேஜ்ல லீவுக்கு முந்தின நாள் சாயந்தரமே ஏத்திட்டாங்களே. ஒரிஜினல் கையில இருக்குன்னு சொல்றேன், அதை வாங்கிக்கூடப் பாக்க மாட்டேங்குறாங்க.”

போட்டிருந்த ஐடி கார்டோடு ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் சான்றிதழ் பார்க்கும் மேடத்தின் கையில் இருந்த போனின் திரையை நான் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. கேட்காமலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் பூஜைக்கு அணைத்து வைத்தவர்கள்தான்.

“மேடம், இதை மூடிட்டுத் திரும்பத் திறங்க” என்றேன்.

“பச்சை வந்துடுச்சேம்மா. நெட்டு இல்லைன்னா பச்சை வராதுன்னு உங்க ஆளுங்கதானே ட்ரெயினிங்ல சொன்னாங்க?”

சொன்னார்கள்தான். நான் கெஞ்சினேன். அவர் மூடித் திறந்தார். ‘இல்லை’ என்றது. மறுபடி கெஞ்சினேன், மறுபடி ‘இல்லை’. தங்கை பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஃபைலுக்குள் அவள் பெயர் அச்சடித்த அசல் சான்றிதழ் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை மூடித் திறந்தோமோ, கடைசியில் ‘உண்டு’ என்று வந்தது.

அந்த மேடம் சந்தோஷப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பவும் பச்சை, இப்பவும் பச்சை. நான் எதைம்மா நம்பறது?” என்று கேட்டார். அதற்குள் உள்ளே இன்டர்வியூ எடுத்தவர்கள் வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அடுத்த காலியிடம் வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்று தங்கையை அனுப்பிவைத்தார்கள். அவள் மத்தியான ஷிஃப்டையாவது பிடிக்கலாம் என்று ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஆபீசுக்குத் திரும்பி மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா இந்த வாரம் ரிலீஸ். இது பூஜை லீவுல மட்டும் வர்ற பிரச்சினை. அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டும் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது.

டெஸ்டர் சம்மதம் இல்லாமல் ரிலீஸ் போகாது. நான் சம்மதம் தரவில்லை. நேராக சாமி படத்துக்குக் கீழே இருந்த சிமிழை எடுத்தேன். ஒரு போனை அணைத்து, அதன் முதுகில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டு, மேனேஜர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் குங்குமம் இடுவதை ஆபீசே எழுந்து நின்று பார்த்தது.

அந்த வாரம் முழுவதும் அந்தப் போனை ஒருவரும் தொடவில்லை, ரிலீஸும் போகவில்லை. ஹவுஸ்கீப்பிங் அக்கா அதைச் சுற்றித்தான் மேஜையைத் துடைத்தார். மேனேஜர் தன் காபியைத் தள்ளி வைத்துக் குடித்தார். அடுத்த திங்கட்கிழமை அவர் கையாலேயே அதைத் திறக்கச் சொன்னேன். உடனே பச்சை. சனிக்கிழமை ஏற்றிய ஒரு சான்றிதழைத் தேடச் சொன்னேன். ‘இல்லை’ என்றது. அவர் மூடித் திறந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

திருத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. சர்வரின் கடைசி எண்ணைத் தொடும் வரை பச்சை போடாதே என்று ஒரு நிபந்தனை. அதுவரை மஞ்சள் நிறத்தில் ‘இன்னும் முடியவில்லை, சற்றுக் காத்திருக்கவும்’ என்று ஒரு வரி. தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டான். முடித்துவிட்டு, “சாரிக்கா” என்றான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தங்கை ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டுக்கு மகளோடு வந்திருந்தாள். குழந்தை அம்மாவின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே டிவி பார்த்தது. புது ஆப்பை என் போனில் அவளிடம் காட்டினேன். பெருமைக்கு இல்லை; அவளிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. மஞ்சளில் வந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.

“இந்த ஒரு வரி அன்னைக்கு இருந்திருந்தா அந்த மேடம் கொஞ்சம் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்கல்ல அக்கா?” என்றாள்.

இருந்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் காத்திருந்திருப்பார்கள். நான் போனை வாங்கிக்கொண்டேன். மறுநாள் விடிவதற்கு முன் ட்ரெய்னைப் பிடிக்க வேண்டும், வீட்டுக்குக் கிளம்பலாம் என்று, புடவைத் தலைப்பைக் குழந்தையின் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.