கவர்ப் பேப்பரில் கண்டி

மூன்றாக மடித்த வழுவழுப்பான தாளை விரிக்கும்போது எழும்பும் அச்சு மையின் வாசம், அதோடு கொஞ்சம் பிளாஸ்டிக், அடியில் எங்கோ பழைய பிஸ்கட்டின் இனிப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த பாட்டுக் கசெட்டுகளை நினைத்தால் எனக்கு முதலில் காதுக்கு ஒன்றும் வருவதில்லை, மூக்குக்குத்தான் வருகிறது. கசெட்டுக்குள் பிஸ்கட் வாசம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கண்டி நகரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மாதத்தின் முதல் சனிக்கிழமை அம்மாவுக்காக ஒரு பக்திப் பாட்டுக் கசெட் வாங்கி வருவார், அதில் மட்டும் அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் கசெட்டுகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. கடையிலேயே பெட்டியைத் திறந்து, கசெட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டை உரித்து, படமும் பெயர்களும் அச்சடித்த தாளை உருவி மேசையில் வைத்துவிட்டு, வெறும் வெள்ளைத் துண்டில் இலக்கம் போட்டுச் செருகிக்கொண்டுதான் அப்பா படியிறங்குவார். பாட்டுக்குப் பெயர் இல்லாத வீடு எங்களுடையது. "பதினேழைப் போடு பிள்ளை" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னால், அது முருகன் பாட்டு என்று நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது நான் கைக்குழந்தை. அப்பாவின் பையில் இருந்த தமிழ்ப் பத்திரிகையைக் கண்டு பஸ்ஸில் இரண்டு பேர் எழும்பி நின்றார்களாம், அவர் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தாராம். இடது முழங்காலில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. அதன் பிறகு தமிழ் எழுத்து எதையும் அவர் வெளியே கொண்டு திரிந்ததில்லை. போதாக்குறைக்கு, கண்டியிலிருந்து குண்டசாலைக்கு வரும் வழியில் தென்னக்கும்புரப் பாலத்தடியில் பொலிஸார் எல்லாரையும் இறக்கிப் பைகளைத் திறந்து பார்க்கும் காலம் அது. நான் எப்போதாவது கவர் எங்கே என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

"பாட்டு நாடாவுக்குள்ளைதானே கிடக்கு, கடதாசி என்னத்துக்கு?"

அதே கலவரம் எங்களிடமிருந்து இன்னொன்றையும் கொண்டுபோனது. அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, நகுலேந்திரன் மாமா. அம்மாவின் தகப்பன் கண்டி ரயில் நிலையத்தில் வேலை பார்த்ததால் அக்காவும் தம்பியும் பிறந்து வளர்ந்தது கண்டியில்தான். மாமாவுக்குப் புல்லாங்குழல் என்றால் பைத்தியம். கலவரம் முடிந்த கையோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர், நாலு வருடம் திருச்சியிலிருந்து கடிதம் போட்டார். பிறகு ஒன்றுமில்லை. நாங்களும் அதற்குள் மூன்று வீடு மாறிவிட்டோம். அம்மா திருச்சி முகவரிக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் மெல்ல மெல்ல "அவன் இருந்த காலத்திலை" என்று பேசத் தொடங்கினார்கள். யாராவது அப்படித் தொடங்கினால் அம்மா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவார். அடுப்பு பற்ற வைத்தே இருக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம், யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா, அப்பாவின் தமையன், கடிதம் எழுதியிருந்தார். இத்தனை வருடமாய்த் தகவல் இல்லாத ஆளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது ஆத்மாவுக்குக் கூடாது, செத்தவருக்குச் செய்கிற ஓர் அந்தியேட்டியாவது செய்து விடுங்கள் என்று. அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, வருகிற ஆடி அமாவாசைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் செய்வோம் என்றார். அம்மா அன்றைக்குப் பின்னேரம் முழுக்கப் பதினேழைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தார், குழல்காரனுக்கு ஓர் அடக்கமில்லை, பாடுகிறவனை மேவிக்கொண்டு ஊதுகிறான் என்று.

நானோ அந்த நாட்களில் வேறொரு கவலையில் இருந்தேன். கண்டி நகரில் இருந்த எங்கள் பாடசாலையில் வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள், அந்தத் தவணை அறிவிப்பாளர் நான். வானொலியில் கேட்டபடி குரலை இறக்கி ஏற்றி, கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகி வைத்திருந்தேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படிப்பித்த சங்கீத ரீச்சர் என் கசெட்டை வாங்கிப் பார்த்தார். 17 என்று மட்டும் எழுதியிருந்தது. "யாரு எழுதினது, யாரு வாசிச்சதுன்னு சொல்லாம பாட்டுப் போடுறது மரியாதை இல்ல. பேரெல்லாம் எழுதிக்கிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று கையில் திருப்பித் தந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இலக்கம் எழுதுகிற ஒரு தகப்பனுக்கு மகளாய்ப் பிறந்தேனே என்றிருந்தது.

அன்றைக்கே பாடசாலை விட்டதும் கசெட் கடைக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, செருப்புக் கடைக்கு மேலே, இரண்டு ஆள் ஒருமிக்க ஏற முடியாத படி. அலவத்துகொடயிலிருந்து தினமும் வந்து கடை நடத்திய பாறூக் நானா அப்பாவை நன்றாக அறிந்தவர். பதினேழாம் கசெட்டின் கவரைப் பார்க்க வேண்டும் என்றேன். மேசைக்கு அடியில் குனிந்து ஒரு சதுர பிஸ்கட் டின்னை எடுத்து வைத்து மூடியைத் திறந்தார்.

"உங்கட வாப்பா உட்டுட்டுப் போன கவர்ப் பேப்பரெல்லாம் இதுலதான் ஈக்குது மகள். அவ்வளவு பேர்ட பேரு போட்டிக்கி, குப்பையில போட எனக்கு மனசு வரல்ல."

அந்த வாசம் அப்போதுதான் என் மூக்கில் ஏறியது. ஒவ்வொன்றாக விரித்து, பாட்டுகளின் முதல் வரியைப் பார்த்துப் பார்த்துப் பதினேழைக் கண்டுபிடித்தேன். முன்பக்கம் மயிலோடு முருகன். உள்மடிப்பில் எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்து. பாடல்கள் இன்னார், இசை இன்னார், வீணை, மிருதங்கம், ஒலிப்பதிவு, ஒலிக்கலவை என்று இறங்கிக்கொண்டே போய் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "புல்லாங்குழல்: கண்டி வே. நகுலேந்திரன்."

வித்துவான்கள் தங்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது வழக்கம் என்று எனக்குத் தெரியும். வேலாயுதம்பிள்ளை என்பது அம்மாவின் தகப்பன் பெயர் என்பதும் தெரியும். இருந்தும் மூன்று தரம் வாசித்தேன். இது என்ட மாமா என்று சொல்லும்போது என் அறிவிப்பாளர் குரல் எங்கே போனதோ தெரியாது. பாறூக் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் வாசித்தார், பிறகு தாளைக் கவனமாக மடித்து என் சமய பாடப் புத்தகத்துக்குள் வைத்தார். கவனமாய்ப் போய்ச் சேரச் சொன்னார்.

பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அப்பாவின் முழங்கால் தழும்பு என் முழங்காலில் இருப்பதுபோலக் கால் வலித்தது. பெண் பொலிஸ் ஒருவர் புத்தகத்தைத் தட்ட, தாள் அவர் கையிலேயே விழுந்தது. விரித்தார். "கதரகம தெய்யோ" என்று கதிர்காமக் கந்தனின் பெயரை மெதுவாகச் சொல்லி, முருகனின் படத்தை இரண்டு கையாலும் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, கசங்காமல் கொண்டு போ என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பித் தந்தார். எத்தனை வருடமாய் அப்பா பயந்த பாலம் அது. நான் பஸ்ஸில் ஏறி, ஆசனத்தில் இருந்து, பிறகுதான் மூச்சு விட்டேன்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தாளை மேசையில் விரித்து அந்த வரியில் விரலை வைத்தேன். அப்பா வாசித்தார். கதிரையை விட்டு எழும்பியவர் திரும்ப அதிலேயே இருந்தார்.

"ஏழு மாசமா இந்த வீட்டுக்குள்ளை அவன் ஊதிக்கொண்டிருக்கிறான்" என்றார். "கடதாசியை நான்தான் விட்டிட்டு வந்தனான்."

அம்மா அவரைக் குறை சொல்லவில்லை. தாளின் மூலையில் அச்சான வருடத்தைப் பார்த்தார், அது போன வருடம். "ஊதுறதுக்கு மூச்சு வேணும்தானே" என்றார் அப்பாவிடம், ஏதோ கணக்குக் கேட்கிற ஆள்போல. பிறகு என்னிடம் திரும்பிப் பதினேழைப் போடச் சொன்னார். பாடுகிறவரை மேவிக்கொண்டு குழல் வந்ததும், இன்னும் கொஞ்சம் சத்தமாக வை என்றார். அவன் சின்னனிலும் அப்படித்தான், அடக்கமே இல்லை என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவர்தான், அழுது முடிக்க இருட்டிவிட்டது.

கவர்ப் பேப்பரின் அடியில் சென்னைக் கசெட் கம்பனியின் முகவரி இருந்தது. தமிழ் எழுத்தைப் பையில் வைக்கப் பயந்த அப்பா, முழுக்கத் தமிழில் மூன்று பக்கம் எழுதி, உறையில் அனுப்புநர் முகவரியையும் போட்டு, தானே தபால் கந்தோரில் சேர்த்துவிட்டு வந்தார். ஆடி அமாவாசை வந்தது, பதில் வரவில்லை. அப்பா அந்தியேட்டிக்கு ஐயரைக் கூப்பிடவில்லை. அம்மா அன்றைக்கு வழமைபோலச் சோறும் இரண்டு கறியும் சமைத்தார்.

ஆவணியில் கடிதம் வந்தது. மாமா எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு வருடமும், பிறகு யாழ்ப்பாணத்துக்கும் எழுதிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சேரவில்லை. அவருக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். கண்டி என்று ஏன் போட்டாய் என அப்பாவின் கடிதத்தின் அடியில் அம்மா கேட்டிருந்ததற்கு, எந்த ஊர் என்று கேட்கிறவனுக்கு வேறு எதைச் சொல்கிறது அக்கா என்று எழுதியிருந்தார். துரத்திய ஊரைப் பெயரோடு கொண்டு திரிந்திருக்கிறார் மனுசன். பெரியப்பாவுக்கு மட்டும் இதில் சமாதானமில்லை. பரம்பரை ஊர் ஒன்று இருக்க, கண்டியை என்னத்துக்குப் போட்டவன் என்று அடுத்த கடிதம் முழுக்கக் குறைப்பட்டிருந்தார். அந்தியேட்டி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பாடசாலையில் நான் அந்தப் பாட்டை அறிவித்தேன். மாமாவின் பெயரில் குரல் உடைந்தது, ரீச்சர் மன்னித்தார். அடுத்த முதல் சனிக்கிழமை அப்பா கசெட்டைக் கவரோடு கொண்டுவந்தார்.

இப்போது அந்தக் கடையில் தொலைபேசி உறைகள் விற்கிறார்கள். கடையை மூடிய வருடம் பாறூக் நானா டின்னை என்னிடம் தந்தார். அவரும் இல்லை, அப்பாவும் இல்லை. எண்பதைத் தாண்டிய அம்மா சென்னையிலிருக்கும் தம்பியோடு தினமும் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார். அந்தச் சத்தம் போதும் எனக்கு. பாட்டுகள் எல்லாம் இப்போது கைக்குள் வந்துவிட்டன, பெயர்கள்தான் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டன.

போன மாதம் பதினேழாம் கசெட்டை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கக் கண்டேன். பாடகரின் பெயர் மட்டும் இருந்தது. கீழே புல்லாங்குழல் யார் என்று எழுதினேன். அடுத்த நாள் முன்பின் தெரியாத ஒருவர், மிருதங்கம் யார், சொல்ல முடியுமா, என் அப்பாவாக இருக்கலாம் என்று கேட்டிருந்தார். டின்னைத் திறந்தேன், பிஸ்கட் வாசம் இன்னும் போகவில்லை. எழுதியவர், இசையமைத்தவர், வீணை, மிருதங்கம், ஒலிப்பதிவு, ஒலிக்கலவை என்று ஒருவரையும் விடாமல் தட்டச்சு செய்தேன். தாள் முடிந்த இடத்தில் இன்னொரு வரியை நானாகவே சேர்த்தேன்.

"கவர்ப் பேப்பர் பாதுகாப்பு: அலவத்துகொட பாறூக்."